வைட்டாலிட்டி: 65 தாண்டியவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

டர்பனில் மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு வைத்திருக்கும் நம்மவர் வீடுகளில் வைட்டாலிட்டி என்ற பெயர் தெரியாத வீடு குறைவு. டிஸ்கவரி நிறுவனம் 1997இல் தொடங்கிய திட்டம் அது. உடம்பைப் பார்த்துக்கொண்டால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் சலுகை. 2015இல் அதோடு ஆக்டிவ் ரிவார்ட்ஸ் சேர்ந்தது. வாரத்துக்கு ஓர் உடற்பயிற்சி இலக்கு, எட்டினால் அந்த வாரமே பரிசு. இளைஞர்கள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வீட்டுத் தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் இது எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டிஸ்கவரி மெடிக்கல் ஸ்கீமில் ஏற்கெனவே இருப்பவர், கைவீசி ஓரளவு வேகமாக நடக்கக்கூடியவர், ஸ்மார்ட்போன் பழகியவர் என்றால் மாதக் கட்டணம் வீண்போகாது. கைத்தடி பிடிப்பவர், ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர், மெதுவாக நடப்பவர் என்றால், சில விஷயங்களை மாற்றி அமைக்காதவரை புள்ளி ஏறாது. ஏறாததைப் பார்த்துப் பார்த்து மனம் விட்டுப்போகும். ‘தாத்தாவுக்கு நடக்கவே சோம்பேறித்தனம்’ என்று வீட்டில் சொல்வார்கள். பாதி நேரம் அவர் நடந்திருப்பார், கருவிதான் எண்ணியிருக்காது.

வாரக் கணக்கு சனிக்கிழமை தொடங்கி வெள்ளியோடு முடிகிறது. இலக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல, முந்தைய வாரங்களில் நீங்கள் செய்ததைப் பார்த்து அமைகிறது. இது பெரிய நல்ல விஷயம். 72 வயதுக்காரரையும் 30 வயதுக்காரரையும் ஒரே கோட்டில் நிறுத்துவதில்லை. புள்ளி மூன்று வழிகளில் வரும்: ஒரு நாளில் நடந்த மொத்த ஸ்டெப், இதயத்துடிப்பு பதிவான பயிற்சி, ஜிம் அல்லது பார்க்ரன் (சனிக்கிழமை காலை 5 கிலோமீட்டர் இலவச நடை, ஓட்டம்) போன்ற நிகழ்வு. எதற்கு எத்தனை என்ற அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால் ஆப்பில் அன்றைக்கு உள்ளதைத்தான் நம்ப வேண்டும்.

மாறாத ஒரு விதி இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை பயிற்சி செய்தாலும் அதிகப் புள்ளி தரும் ஒன்றுதான் கணக்கில் வரும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று பிரித்து நடப்பவருக்கு இரண்டும் கூடாது. ஸ்டெப் கணக்கு மட்டும் நாள் முழுக்கச் சேரும். ஆகவே பிரித்து நடப்பவர்கள் ஸ்டெப்பை நம்புவதுதான் சரி.

இதயத்துடிப்பு வழியில் இன்னொரு சிக்கல், குறைந்தது 30 நிமிடம் விடாமல் செய்ய வேண்டும் என்பது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் ‘ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடம்’ என்று வைத்திருந்த நிபந்தனையையே 2020இல் எடுத்துவிட்டது. முழங்கால் வலியோடு ஐந்து ஐந்து நிமிடமாக நடந்தாலும் உடம்புக்குப் பலன் உண்டு என்பதுதான் இப்போதைய நிலை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்ற அளவு மட்டும் அப்படியே நிற்கிறது. புள்ளித் திட்டம் அந்த இடத்தில் வயதானவருக்கு ஒத்துவரவில்லை.

இதயத்துடிப்புக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும், ஏமாற்றம் அங்கேதான் அதிகம். வயதை 220இலிருந்து கழித்தால் வருவது உச்சத் துடிப்பு. 70 வயதுக்கு 150. அதில் எத்தனை சதவீதத்தை எட்டினீர்கள் என்பதை வைத்துத்தான் புள்ளி: 60 சதவீதம் 90, 70 சதவீதம் 105, 80 சதவீதம் 120. சாதாரண ஆளுக்கு 90 என்பது வேகநடையில் எளிதாக வந்துவிடும். அட்டெனொலால், பைசொப்ரொலால், கார்வெடிலால் மாதிரி பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நிலைமை வேறு. அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடிப்பது. சும்மா இருக்கும்போது 55, மூச்சு வாங்க மேட்டில் ஏறினாலும் 85 என்று நின்றுவிடலாம். சாட்ஸ்வொர்த் மேடுகளில் ஏறி இறங்கி வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தவருக்கு ஆப் காட்டுவது பூஜ்யம்.

இதற்கு ஒரே வழி, இதயத்துடிப்புப் புள்ளியை மறந்துவிட்டு ஸ்டெப்புக்கு மாறுவது. உழைப்பு போதுமா என்று பார்க்கப் பேச்சுச் சோதனை போதும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. புள்ளிக்காக மாத்திரையை ஒரு வேளை தள்ளிப்போடும் ஆட்கள் இருக்கிறார்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, துடிப்பு எகிறுதல் எல்லாம் வரலாம், அதனால் அது கூடவே கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு உள்ளவர்களுக்கு மணிக்கட்டுக் கருவி காட்டும் எண்ணே தாறுமாறாக இருக்கும். அவர்களும் ஸ்டெப் பக்கமே போகட்டும்.

ஸ்டெப்பிலும் குழி இருக்கிறது. மணிக்கட்டில் கட்டும் கருவி கை ஆடுவதைப் பார்த்துத்தான் அடியைக் கணக்கிடுகிறது. கை ஆடாவிட்டால் அடி இல்லை. வாக்கர் பிடித்தவர், டிரெட்மில் கம்பியைப் பிடித்தவர், மாலில் டிராலி தள்ளுபவர் எல்லோரும் இதில் மாட்டுவார்கள். டர்பன் பக்கம் பாதுகாப்புக்காகவும் ஜனவரிப் புழுக்கத்துக்காகவும் பவிலியன், கேட்வே, சாட்ஸ்வொர்த் சென்டர் மாதிரி மால்களில் நடக்கும் வயதானவர்கள் நிறைய. கைக்கு ஆதாரமாக ஒரு காலி டிராலியைத் தள்ளிக்கொண்டு மூன்று சுற்று வருவார்கள். நல்ல யோசனைதான், விழ மாட்டார்கள். ஆனால் இரண்டு கையும் கைப்பிடியில் இறுகி இருக்கும், வாட்ச் ஒன்றையும் பார்க்காது. மாலுக்குள் ஜிபிஎஸ்ஸும் ஒழுங்காக எடுக்காது என்பதால் ‘வெளிநடை’ என்று பயிற்சியைத் தொடங்கினால் தூரமும் தப்பாக வரும். உள்நடை என்று வையுங்கள்.

சரிசெய்வது சுலபம். போனை முன்பக்கக் கால்சட்டைப் பையில் இறுக்கமாக வைத்தால் தொடையின் அசைவை எடுத்துக்கொள்ளும். சேலை கட்டும் ஆயாவுக்குப் பை கிடையாது, கைப்பையில் போட்டால் போன் அங்குமிங்கும் உருண்டு கணக்கு கெடும். அவர்களுக்குக் கணுக்காலில் கட்டும் பட்டை நல்லது. மெதுவாக நடப்பவர்களுக்கும் வாக்கர் பிடிப்பவர்களுக்கும் கணுக்கால்தான் அதிகத் துல்லியம். மணிக்கட்டுப் பட்டையையே நீளமான வார் மாற்றிக் கணுக்காலில் கட்டலாம், அப்போது இதயத்துடிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம். காலில் மரத்துப்போகும் உணர்வு உள்ள சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் இது வேண்டாம். வார் உராய்ந்தால் தெரியாது.

வாங்குவதற்கு முன்னும் இடம் மாற்றிய பின்னும் ஒரு சோதனை செய்யுங்கள். திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில், வழக்கமான தடியோடு, வாய்விட்டு எண்ணி 100 அடி நடக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் நின்று பிறகு திரையைப் பாருங்கள், சில கருவிகள் எண்ணைத் தாமதமாகத்தான் காட்டும். 90க்கு மேல் ஏறியிருந்தால் போதும். 70, 60 என்று வந்தால் இடத்தை மாற்றுங்கள். பல கருவிகள் பத்து அடி தொடர்ச்சியாக வந்த பிறகுதான் எண்ணத் தொடங்கும். சமையலறைக்கும் ஹாலுக்கும் நாள் முழுக்க நடக்கும் ஆயாவின் அடிகள் அதனால்தான் காணாமல் போகின்றன.

புள்ளிக்குக் குறைந்தபட்ச ஸ்டெப் வாசல் ஒன்று உண்டு, அதற்குக் கீழே எவ்வளவு நடந்தாலும் ஒன்றுமில்லை. வாசல் 5,000 என்றால் 4,800 நடந்தவரும் சோபாவில் கிடந்தவரும் ஒன்று. உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. 10,000 என்ற எண்ணே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயரிலிருந்து வந்தது, மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களைப் பின்தொடர்ந்த 2019ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500க்கு மேல் பலன் கூடவில்லை. 2022இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் 60 தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரைதான் உச்சம் என்று வந்தது. ஆகவே 3,000 நடக்கும் அப்பாவை 4,500க்குக் கொண்டுவந்துவிட்டால், வைட்டாலிட்டி கண்டுகொள்ளாவிட்டாலும் வேலை நடந்துவிட்டது.

சிங்க் ஆவதைப் பற்றி ஒரு பாரா எழுதித்தான் ஆக வேண்டும். கருவியிலிருந்து போனுக்கு, போனில் உள்ள சாம்சங் ஹெல்த் அல்லது அதுபோன்ற ஆப்புக்கு, அங்கிருந்து வைட்டாலிட்டிக்கு என்று மூன்று கண்ணி. ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு நடுக்கண்ணியைத் தூங்கவைத்துவிடும். செட்டிங்கில் அந்த இரண்டு ஆப்புகளுக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். புளூடூத்தை அணைத்து வைக்கும் பழக்கம் பெரியவர்களிடம் உண்டு, சார்ஜ் மிச்சம் என்று. அதையும் சொல்லி வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவு படுக்கும் முன் ஆப்பை ஒருமுறை திறந்து எண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதை யாராவது ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் தகராறே வராது.

ஆப்பிள் வாட்ச் சலுகைதான் இந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனமான பகுதி. வாட்சை முதலில் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மாதாமாதம் இலக்கை எட்டினால் தவணை குறையும் அல்லது இல்லாமலே போகும், எட்டாவிட்டால் கட்ட வேண்டும். பரிசைத் தருவதைவிட, கையில் இருப்பது போய்விடுமோ என்ற பயத்தில் மனிதன் அதிகம் அசைவான். ராண்ட் யூரோப் என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் தரவைப் பார்த்தது. ஆக்டிவ் ரிவார்ட்ஸ் மட்டும் உள்ளவர்களைவிட வாட்சையும் எடுத்தவர்களின் பதிவான உழைப்பு 34 சதவீதம் அதிகம், மாதத்துக்கு 4.8 நாள் கூடுதல். எண் பெரிது. ஆனால் வாட்ச் எடுத்தவர்கள் தாங்களாக விரும்பி எடுத்தவர்கள், சீட்டுக் குலுக்கிப் பிரித்த கூட்டமல்ல. அதை நினைவில் வைத்துத்தான் அந்த 34ஐப் படிக்க வேண்டும்.

வயதானவருக்கு வாட்சின் உண்மையான மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பிறந்த தேதிப்படி 55 அல்லது அதற்கு மேல் என்றால் விழுந்ததைக் கண்டறியும் வசதி தானாகவே செயல்படும். பலமாக விழுந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் அவசர எண்ணை அழைக்கும், சேர்த்து வைத்த சொந்தக்காரர்களுக்குச் செய்தி போகும். செல்லுலார் இல்லாத மாடல் என்றால் ஐபோன் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு இந்த வாட்சே பொருந்தாது. தினமும் சார்ஜ் போட வேண்டும் என்பதும் ஒரு தொல்லை. விடியற்காலையில் இருட்டில் மின்னும் வாட்சோடு தனியாகக் கிளம்ப வேண்டாம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இலக்கு ஏறிக்கொண்டே போய், ஓர் ஆபரேஷன் அல்லது நீண்ட காய்ச்சல் வந்தால் தவணை முழுசாக விழும். பென்ஷனில் வாழ்பவர் கையெழுத்துப் போடுமுன், எல்லா மாதமும் தவறினால் மொத்தம் எவ்வளவு என்று கேட்டு அந்தத் தொகை தாங்குமா என்று பார்க்கட்டும்.

பரிசுகள். தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு காபி அல்லது ஸ்மூதி. இப்போது இலக்கை எட்டினால் ஆப்பில் கட்டம் திறந்து மைல்ஸ் கிடைக்கும், 10 மைல்ஸ் ஒரு ராண்ட். திறக்கும் வரை எவ்வளவு என்று தெரியாத சுவாரசியம் வைத்திருக்கிறார்கள். ஆயாக்களுக்கு இது பிடிக்கிறது, சீட்டுப் போடுகிற மாதிரி. மாதம் 15ஆம் தேதி மைல்ஸ் செலவழித்தால் பங்காளிக் கடைகளில் தள்ளுபடி உண்டு, அவசரம் இல்லாவிட்டால் அதுவரை சேர்த்து வைக்கலாம். ஸ்மூதி மாதிரிப் பரிசு எங்கே வந்தாலும் சர்க்கரைக்காரர் கவனிக்க வேண்டும். அரை மணி நடந்து எரித்ததை ஒரு பெரிய பழக் கோப்பை திருப்பிக் கொடுத்துவிடும். பேரப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள்.

உறுப்பினர்களுக்கு கிளிக்ஸ், டிஸ்கெம் மருந்துக்கடைகளில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்க்கும் ஹெல்த் செக் உண்டு. அதற்கும் புள்ளி. நடக்கத் தொடங்கும் முன் அதை முடிப்பது இரட்டை லாபம்.

பணம் கொடுத்தால் வயதானவர் நடப்பாரா? நடப்பார், கொடுக்கும் வரை. 2008இல் அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 51 பேரிடம் நான்கு வாரம் பார்த்தார்கள். நடந்த அளவுக்குப் பணம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நாளுக்கு 16 நிமிடம் அதிகம் நடந்தார்கள். 2016இல் பென்சில்வேனியாவில் எடை கூடிய 281 ஊழியர்களுக்கு நாளுக்கு 7,000 அடி இலக்கு வைத்தார்கள். எட்டினால் 1.40 டாலர் என்றவர்கள் 35 சதவீத நாட்களில் எட்டினார்கள், பரிசே இல்லாதவர்கள் 30 சதவீதம். மாதத் தொடக்கத்திலேயே 42 டாலரை ஒதுக்கி, தவறிய நாளுக்கு 1.40 எடுத்துவிடுவோம் என்றபோது 45 சதவீதம். 13 வாரம் முடிந்து பணம் நின்றதும் வித்தியாசமும் போனது. அதே மாநிலத்தில் 65 தாண்டியவர்களிடம் செய்த ஆய்வில் பணம் தனக்கு வந்தாலும் தர்மத்துக்குப் போனாலும் நடை கூடியது. இந்தக் கடைசி விஷயத்தை நம் வீடுகளில் யாரும் பயன்படுத்துவதில்லை.

மகனிடம் காசு வாங்கி நடக்க எந்த அப்பாவும் ஒத்துக்கொள்ள மாட்டார். கோயில் அன்னதானத்துக்கு என்றால் கதை மாறும். வைட்டாலிட்டி இல்லாத வீட்டுக்கு மாதம் 200 ராண்டில் ஒரு திட்டம்:

முதல் வாரம் இலக்கே கிடையாது, எண்ணை மட்டும் எழுதுங்கள். ஏழு எண்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். கல்யாண வீட்டுக்குப் போன நாளும் படுத்துக் கிடந்த நாளும் கணக்கைக் கெடுக்காது. அதோடு 500 சேர்த்தால் இலக்கு. கண்ணாடி ஜாடியில் வாரத்துக்குப் பத்து ராண்ட் நோட்டு ஐந்து. வாரத்தில் 5 நாள் எட்ட வேண்டும், இரண்டு நாள் ஓய்வுக்கு உரிமை. ஐந்துக்குக் குறைந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நோட்டு வெளியே போகும். மீதி மாதக் கடைசியில் உம்பிலோவிலோ மவுண்ட் எட்ஜ்கம்பிலோ அவர் கும்பிடும் கோயில் உண்டியலுக்கு. “அப்பா, இந்த மாசம் அன்னதானத்துக்கு எவ்வளவு சேர்ந்திருக்கு?” என்று கேட்டால் போதும், நடந்தீர்களா என்று விசாரிக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொடர்ந்து எட்டியிருந்தால் மட்டும், 500 ஏற்றுங்கள். எட்டவில்லை என்றால் இலக்கு அதிகம், அவரைக் குறைசொல்லாமல் எண்ணைக் குறையுங்கள்.

மூன்று மாதத்துக்குள் காசைக் குறைத்துக்கொண்டு கூட்டாளியைச் சேர்த்துவிட வேண்டும். அதற்கு பார்க்ரன் கைகொடுக்கும். தென்னாப்பிரிக்காவில் 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் டெல்டா பார்க்கில் காம்ரேட்ஸ் மாரத்தான் வீரர் புரூஸ் ஃபோர்டைஸ் தொடங்கியது. சனிக்கிழமை காலை 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, ஒருமுறை பதிவு செய்து பார்கோடை அச்சிட்டுக் கொண்டுபோனால் போதும். முழுக்க நடக்கலாம். கடைசியில் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார், ஆகவே யாரும் கடைசி இல்லை. முடிவுப் பட்டியலில் வயதுக்கேற்ற சதவீதம் போடுவார்கள். 74 வயதுப் பாட்டி 35 வயதுப் பேரனை அந்தப் பத்தியில் முந்துவது நடக்கிற காரியம். 25, 50, 100 என்று மைல்கல் உண்டு, தன்னார்வலராக நின்றாலும் தனிக் கணக்கு ஏறும். டர்பன் நார்த் பீச்சில் தரை சமம், முழங்காலுக்கு இதம், ஆனால் கூட்டம் அதிகம். தடுமாறும் நடை உள்ளவர் பின்வரிசையில் நிற்கட்டும். வைட்டாலிட்டிக்காரர்களுக்கு இதற்கும் புள்ளி உண்டு.

கிளிக்லசைட் என்ற சர்க்கரை மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் கிளம்பும் முன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 5 மில்லிமோலுக்குக் கீழே என்றால் ஒரு பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு, பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு நடக்கலாம். தைப்பூசக் காவடிக்காக நடை பழகுபவர்கள் காலணியோடு பழகட்டும், ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பார்க்கட்டும்.

எல்லாப் புள்ளித் திட்டங்களின் பெரிய ஓட்டை கால் வலுவும் சமநிலையும். வாரத்தில் மூன்று நாள் அவற்றுக்குப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நடையை மட்டும் எண்ணும் கருவிக்கு அது தெரியாது. நடையைக் கூட்டிய மனிதர் விழுந்தால் இடுப்பெலும்போடு எல்லாம் போச்சு. வசதி இருந்தால் ஒரு பயோகினெட்டிசிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டுங்கள், பயிற்சியை வைத்தே சிகிச்சை தரும் இந்தப் பதிவுபெற்ற தொழில் இந்த நாட்டில் நமக்குக் கிடைத்திருக்கிறது. இல்லாவிட்டால் ஜாடித் திட்டத்திலேயே வாரத்துக்கு ஒரு நோட்டை நாற்காலிக்கு ஒதுக்குங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 70 முதல் 74 வயதில் ஆண்களுக்கு 12க்கும் பெண்களுக்கு 10க்கும் குறைந்தால் விழும் ஆபத்து அதிகம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் எட்டு முறை எழுந்து உட்கார்ந்தால் அந்த நோட்டு ஜாடியிலேயே இருக்கும். இருக்கை தரையிலிருந்து சுமார் 43 சென்டிமீட்டர் உயரம், கை வைக்காத நேர் நாற்காலி, நாற்காலியின் முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி வேண்டாம்.